‘பாதி நாளுக்கு மேல்’ என்று கேட்டால் ‘மத்தியானம் வரைக்கும்’ என்கிறார்கள்: காசிமேட்டில் நிரப்பிய 42 படிவங்களை என்ன செய்வது?

நெய்தல்நிலா | ஜூலை 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. காசிமேடு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும் பெண்களிடம் மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளைப் பயன்படுத்தினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ 1, ‘பாதி நாட்களுக்கு மேல்’ 2, ‘கிட்டத்தட்ட தினமும்’ 3. கூட்டினால் அதிகபட்சம் 27. பத்து வந்தால் கவனிக்க வேண்டிய அளவு என்று வைத்திருக்கிறார்கள்.

மே மாதத்தில் 42 பேரிடம் நிரப்பி வாங்கினேன். பலருக்குப் படிக்க வராது. அதனால் நான் வாசிக்க, அவர்கள் சொல்ல, நானே டிக் அடித்தேன். பெரும்பாலானவர்களுக்குப் பத்தை ஒட்டியே மொத்தம் வந்தது. கைடு பார்த்துவிட்டு, “ரிசல்ட் நல்லா வந்திருக்கு, எழுத ஆரம்பி” என்றார்.

எனக்குத்தான் கை ஓடவில்லை. காரணம் ஒரு அக்கா. ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “மனசு சோர்ந்துபோய், நம்பிக்கை இல்லாம இருந்துச்சாக்கா? சில நாளா, பாதி நாளுக்கு மேலயா, தினமுமா?” என்று கேட்டேன். “பாதி நாளுக்கு மேலதாம்மா. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அப்படித்தான் இருக்கும். வித்து முடிச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா சரியாப்பூடும்” என்றார். நான் 2 போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. நான் கேட்டது பதினாலு நாளில் பாதி. அவர் சொன்னது ஒரு நாளில் பாதி. அச்சில் ‘நாட்களுக்கு’ என்று சரியாகத்தான் இருக்கிறது. என் வாயில் அது ‘நாளுக்கு’ ஆகிவிட்டது.

இன்னொன்று. தூக்கம், களைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய எல்லோரும் 3. ‘எந்தக் காரியத்திலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருப்பது’ என்ற முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் 0.

கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்காணலுக்குப் போய்விடலாமா? செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும்.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | ஜூலை 3, இரவு 11.05

கைடே ஓகே சொன்ன பிறகு உனக்கு என்னம்மா கவலை? எங்கள் பேட்ச்சில் ஒருத்தன், ரயில்கேட் மூடியிருந்த நேரத்தில் பைக்மேல் உட்கார்ந்தே இருபது படிவத்தை டிக் அடித்து முடித்தான். அவனுக்கும் டிகிரி கொடுத்தார்கள். நீ நிஜமாகவே போய்க் கேட்டிருக்கிறாய். அதுவே பெரிய விஷயம். எழுதி முடி.

படிவக்காரி | ஜூலை 4, காலை 6.15

ரயில்கேட் தம்பி, விளையாட்டுக்குக்கூட அப்படி எழுதாதே. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையை 27 வருடம் செய்தவள் நான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் நடந்திருக்கிறேன். சூப்பர்வைசர் ஆன பிறகு, உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய படிவத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் அடித்தல் திருத்தல் இருக்காது. ஒரே பேனா, ஒரே அழுத்தம். நிஜப் படிவத்தில் ஒரு ஓரம் ஈரமாகியிருக்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னவர் ஏழாவது கேள்வியில் “அங்க மாத்திப் போடும்மா” என்பார். அந்த அடித்தல்தான் நிஜம்.

நிலாம்மா, உன் படிவத்துக்கு வருகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போனாய்? ரெக்சின் பையும் கிளிப் போட்ட அட்டையும் என்றால், முதல் பத்து நிமிடத்தில் உன்னைத் தண்டல் வசூலுக்கு வந்தவள் என்றோ, குழு லோன் ஆபீசர் என்றோதான் நினைத்திருப்பார்கள். தண்டல்காரர் “எப்படியிருக்கே?” என்று கேட்டால் யாராவது “கஷ்டமா இருக்கு” என்பார்களா? “நல்லாத்தான் போவுது” என்றுதான் வரும். கஷ்டம் என்று சொன்னால் அடுத்த லோன் கிடைக்காது. அதே ஆள் வெள்ளம் வடிந்த மறுவாரம் போனால் கதை தலைகீழ். நிவாரணப் பட்டியல் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் “தினமும்” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவர் யார் என்பதற்குத்தான் அவர்கள் முதலில் பதில் சொல்கிறார்கள். கேள்வி அப்புறம்தான். நான் கடைசிப் பத்து வருடம் மஞ்சப் பையில்தான் படிவம் கொண்டுபோனேன்.

‘இரண்டு வாரம்’ என்று கேட்டாயே, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. “போன அமாவாசையிலேர்ந்து இந்தப் பௌர்ணமி வரைக்கும்” என்று கேள். ஏறக்குறைய பதினைந்து நாள். கடலோரத்தில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். நீ போகும் நாள் அதோடு ஒத்துவரவில்லை என்றால் பதினாலு புளியங்கொட்டையைக் கையில் கொடு. மனசு சரியில்லாத நாளுக்கு ஒவ்வொரு கொட்டையாக எடுத்து வைக்கச் சொல். எடுத்து வைத்ததை நீ எண்ணிக்கொள்.

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 4, காலை 9.30

அம்மா சொன்ன புளியங்கொட்டையை நான் என் வகுப்பில் திருடிக்கொள்கிறேன், அனுமதி உண்டா? (பெரம்பூரில் இருக்கிறேன், ஒரு கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன்.)

நிலா, ‘கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்காணல்’ என்று இரண்டையும் எதிரெதிர் கட்சியாக்காதே. அந்த 10 என்ற கோடு எங்கிருந்து வந்தது தெரியுமா? குரோன்கியும் ஸ்பிட்சரும் வில்லியம்ஸும் 2001-ல் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்காவில் பொது மருத்துவ, மகப்பேறு கிளினிக்குகளுக்கு வந்த 6,000 பேர் படிவம் நிரப்பினார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநல நிபுணர் தனியாகத் தொலைபேசியில் பேசி, மனச்சோர்வு உண்டா இல்லையா என்று முடிவு செய்தார். அந்த முடிவோடு ஒப்பிட்டபோது 10 என்ற கோடு, மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. ஆக அந்தக் கோட்டைப் பெற்றதே நேர்காணல்தான். அந்த ஊர் கிளினிக் வரிசையில் போட்ட கோட்டைக் கூடை தூக்கும் பெண்களிடம் அப்படியே கொண்டுவந்து வைத்தால் அதே 88 கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இப்போது உன் எண்கள். ஏலத்துக்குப் போகிறவர் நள்ளிரவு தாண்டியதும் எழுந்தாக வேண்டும். தூக்கத்துக்கு 3. பத்து, இருபது கிலோ தலையில் ஏற்றி நடக்கிறார். களைப்புக்கு 3. காலை நாஷ்டாவைப் பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறார், பசி செத்துவிடுகிறது. அதற்கு ஒரு 2. எட்டு ஆகிவிட்டது, இன்னும் மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பாதி அளந்தது வேலையை.

மொத்தத்தை விடு, அமைப்பைப் பார். இந்தக் கேள்வித்தாளை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். ஒன்று கூட்டல். இன்னொன்று, ஒன்பதில் குறைந்தது ஐந்து ‘பாதி நாட்களுக்கு மேல்’ இருக்க வேண்டும், அவற்றில் முதல் கேள்வியோ (ஆர்வம்) இரண்டாம் கேள்வியோ (மனசு சோர்ந்துபோவது) கட்டாயம் இருக்க வேண்டும். முதல் இரண்டும் 0 என்றால் மற்றதெல்லாம் 3 ஆனாலும் இந்தக் கணக்கில் பெரு மனச்சோர்வு வராது. உன் 42-ஐ அப்படிப் பிரித்துப் பார்த்தாயா?

கைடு அடுத்து ஆல்ஃபா கேட்பார். குரோன்பாக் 1951-ல் கொடுத்த கணக்கு. 0.7 தாண்டினால் போதும் என்பது வழக்கம். ஏமாந்துவிடாதே. ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த ஒரு கட்டத்தையே மேலிருந்து கீழ்வரை சொல்லிக்கொண்டு போனாலும் ஆல்ஃபா ஜம்மென்று ஏறும். அது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் சொல்லும். எதைப் பற்றி ஒத்துப்போகின்றன என்பது அதற்குத் தெரியாது.

ஒரு கேள்வி: மொழிபெயர்ப்பு யாருடையது?

காசிமேட்டுக்காரன் | ஜூலை 4, மதியம் 1.50

மூன்று நாளாக வேலை. இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். என் அம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். நான் சொல்வதையும் கேளுங்கள்.

மே மாதம் போய்க் கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பைபர் போட் கொண்டுவருகிற கொஞ்ச மீனும், கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதும்தான். விலை ஏறிவிடும். வழக்கமாக எடுக்கிற கூடைக்கே அந்த நேரத்தில் இரண்டு மடங்கு முதல் போட வேண்டும். அந்த முதலுக்குத்தான் தண்டல். வருடத்திலேயே மூச்சு முட்டுகிற இரண்டு மாதத்தில் வந்து ‘கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு, ‘மீன் விற்கும் பெண்களின் மனச்சோர்வு’ என்று வருடம் முழுதுக்கும் தலைப்பு வைப்பீர்களா?

அப்புறம் அந்த முதல் கேள்வி. ‘காரியத்தில் ஆர்வம் இல்லை’ என்று எங்கள் பக்கம் ஒரு பெண் சொன்னால் ‘நான் சோம்பேறி’ என்று அர்த்தம். யாராவது ஒத்துக்கொள்வார்களா? அம்மாவிடம் இப்போதே கேட்டுப் பார்த்தேன். “ஆர்வம் இல்லேன்னா அடுப்பு யாரு பத்த வெக்கறது?” என்றார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் ஓடினார்கள். அதற்குப் பிறகு டேப் வைத்துக்கொண்டு எத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்று எங்களுக்கே கணக்கு இல்லை. பயமா, தூக்கம் வருதா, குழந்தை இருமுதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கேட்டவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து ‘நீங்கள் சொன்னதில் இது தெரிந்தது’ என்று சொல்லவில்லை. எங்களைக் கேட்டு யாரோ பட்டம் வாங்குகிறார்கள். அம்மா இப்போது யார் வந்தாலும் “எல்லாத்துக்கும் நடுவுல போட்டுக்கோ” என்கிறார்.

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 4, மதியம் 2.20

“எல்லாத்துக்கும் நடுவுல போட்டுக்கோ.” லிக்கர்ட் 1932-ல் ‘முழுவதும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முழுவதும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படி வைத்துக் கொடுத்தபோது, நடுப்படி ஒரு நாள் இப்படிப் பதிலாக வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். தடைக்காலம் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நெய்தல்நிலா | ஜூலை 4, இரவு 9.10

அண்ணா, தடைக்காலம் என்று தெரியும். பரீட்சை முடிந்து கிடைத்த லீவு அதுதான் என்று போய்விட்டேன். கேட்காமல் வந்தது என் தப்பு. கேட்டதை அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் என் தப்புதான்.

சார், இணையத்தில் கிடைத்த தமிழ் வடிவத்தை எடுத்தேன். சில இடங்களில் புரியாது என்று நினைத்து நானே கை வைத்தேன். கிளிப் போட்ட அட்டைதான் கொண்டுபோனேன். அம்மா சொன்ன மாதிரியே.

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 4, இரவு 9.45

கை வைத்தால் அது வேறு கேள்வித்தாள். எங்கே மாற்றினாய் என்று ஆய்வேட்டில் எழுதியாக வேண்டும். வழக்கமான முறை, ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிடுவது. பிரிஸ்லின் 1970-லிருந்து எல்லோரும் செய்வது. ஆனால் உன் ‘பாதி நாள்’ அதில் மாட்டியிருக்காது. திருப்பி மொழிபெயர்ப்பவர் அச்சைப் பார்ப்பார், உன் வாயைக் கேட்க மாட்டார்.

எதிர்மறை வாக்கியங்களிலும் இதே தொல்லை. ‘நான் உதவாதவள் என்று தோன்றுவதில்லை’ என்று ஒரு கேள்வி இருந்தால், நம் ஆட்கள் “இல்ல” என்பார்கள். தோன்றவில்லை என்கிற இல்லையா, நீ சொல்வது சரியில்லை என்கிற இல்லையா? கேட்டவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடுகிறவர்களைப் பிடிக்கவென்றுதான் பாதிக் கேள்வியைத் திருப்பிப் போடுவார்கள். ரோசன்பெர்கின் 1965 சுயமதிப்பு அளவுகோலில் பத்தில் ஐந்து அப்படி. தமிழில் வாய்விட்டு வாசிக்கும்போது அந்த ஐந்தும் வேறு வம்பைக் கொண்டுவருகின்றன.

வியாசை கவுன்சலர் | ஜூலை 5, காலை 7.20

எல்லோரும் முதல் கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒன்பதாவது கேள்விதான் கவலை. ‘செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா?’ 42 பேரில் யாராவது 0 தவிர வேறு சொன்னார்களா, நிலா? சொன்னவரிடம் நீ என்ன செய்தாய்?

இதைப் படிவம் அச்சடிக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கூட்டி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து அட்டவணை போடுகிற கேள்வி இல்லை இது. 1 சொன்னால்கூட அங்கேயே அடுத்த கேள்வியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே போய்க் கேட்டு வைத்துக்கொள். “கீழ்ப்பாக்கம் போங்க” என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதே. அங்கே இருக்கிற மனநல மருத்துவமனை 1794-ல் ஆரம்பித்தது, நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், நானே அனுப்புகிறேன். ஆனால் நம் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மன அழுத்தம்’ என்று பத்திரிகைக்காரர்கள் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுகிறார்கள், டிப்ரஷனுக்கும் போடுகிறார்கள். நீ எதைக் கேட்டாய் என்று படித்தவர்களுக்கே தெரியாது. சரி, எளிமையாக ‘டென்ஷன்’ என்று போடலாம் என்றால் அதுவும் வேண்டாம். “அவன் டென்ஷனாயிட்டான்” என்றால் இங்கே கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். டென்ஷன் தினமும் வருமா என்று கேட்டால், புருஷன்மேல் தினமும் கோபம் வருமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது நெஞ்சு அடைக்குது, தலை கனமா இருக்கு, ஒரே பேஜாரா இருக்கு, மனசு ஒரு நிலையில இல்ல. இந்தச் சொற்கள் எதுவும் உன் கேள்வித்தாளில் இல்லை.

நெய்தல்நிலா | ஜூலை 5, காலை 8.00

மூன்று பேர் 1 சொன்னார்கள், அக்கா. நான் டிக் அடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கே போகிறேன். இரண்டு பேர் உட்காரும் இடம் தெரியும்.

வியாசை கவுன்சலர் | ஜூலை 5, காலை 8.04

போ. தனிச் செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். போய்ப் பேசிவிட்டு அழை.

கொருக்குப்பேட்டை ரயில்கேட் | ஜூலை 5, இரவு 10.30

இன்றைக்கு விளையாட்டாக எழுத மனசு வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். ஜனங்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்று யாரோ சீனத் தம்பதியை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றி நிரூபித்துவிட்டாராமே? அப்படியானால் படிவத்தில் சொன்னாலும் நேரில் சொன்னாலும் சொல்லுதானே? இரண்டுமே வேஸ்ட் இல்லையா?

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 5, இரவு 11.15

லாபியர், 1934. அமெரிக்காவில் சீனர்கள்மேல் வெறுப்பு இருந்த காலம். ஒரு சீனத் தம்பதியோடு ஓட்டல், உணவகம் என்று 251 இடங்களுக்குப் போனார். ஒரே ஒரு இடத்தில்தான் விரட்டினார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு ‘சீனர்களை அனுமதிப்பீர்களா?’ என்று கடிதத்தில் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘மாட்டோம்’. கேட்டதும் ஆஹா என்று இருக்கும். ஆனால் கல்லாவில் நின்று அறை கொடுத்தவரும் கடிதத்துக்குப் பதில் போட்டவரும் ஒரே ஆளா என்று அவருக்குத் தெரியாது. கடிதத்தில் இருந்தது ‘சீனர்கள்’ என்ற ஒரு சொல். வாசலில் நின்றது நல்ல உடையில் சிரித்துப் பேசிய இரண்டு பேர், கூடவே ஒரு வெள்ளைக்காரர். வேறு கேள்வி, வேறு பதில். அதற்காகச் சொல்லே வேஸ்ட் என்றால் எப்படி? அந்த அக்கா மத்தியானம் இரண்டு மணி வரை மனசு சோர்ந்திருக்கிறார் என்பதை நீ பார்த்துத் தெரிந்துகொள்வாயா? அவர் சொன்னால்தான் உண்டு.

இந்தத் தொல்லை இன்று நேற்றைக்கு வந்ததில்லை. கால்டன் 1880-ல் விஞ்ஞானிகளிடம் கேட்டார்: இன்று காலை நாஷ்டா சாப்பிட்ட மேசையை மனசில் கொண்டுவாருங்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? பலர் ‘மனசில் படம் தெரிவது என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது’ என்று பதில் எழுதினார்கள். அவர்களுக்குப் படமே வருவதில்லை, மற்றவர்களுக்கு வரும் என்றும் தெரியவில்லை. இரண்டு பேர் ‘தெளிவாக’ என்று டிக் அடித்தால் அந்த இரண்டு தெளிவும் ஒன்றா? 140 வருடமாகியும் அதற்குப் பதில் இல்லை.

படிவக்காரி | ஜூலை 6, காலை 6.30

நாஷ்டா கதை நன்றாக இருந்தது.

நேர்காணலுக்குப் போகிறவளுக்கு இரண்டு விஷயம். “ஏன்” என்று ஆரம்பிக்காதே. “ஏம்மா அப்படித் தோணுது?” என்று கேட்டால் போலீஸ் கேட்கிற மாதிரி இருக்கும், உடனே நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். “நேத்து ராத்திரி முழிச்சதிலேர்ந்து சொல்லுங்க” என்று கேள். நடந்ததை வரிசையாகச் சொல்ல யாருக்கும் கூச்சம் இல்லை. எழுந்தது, முகம் கழுவியது, ஆட்டோவில் நாலு பேராகப் போனது, ஏலத்தில் கூடை கைவிட்டுப் போனது. எங்கே குரல் இறங்குகிறதோ அங்கே நீ சும்மா இரு. சின்னப் பெண்களுக்கு அதுதான் வராது. மூன்று நொடி மௌனம் வந்தால் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது இடம். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறை. மாமியார் கட்டிலில், மகன் போனில். அங்கே உட்கார்ந்து ஒன்பதாவது கேள்வியைக் கேட்டால் எல்லாமே 0-தான். துறைமுகத்தில் சத்தம் இருக்கிறதே என்று பயப்படாதே. அந்தச் சத்தம்தான் மறைப்பு.

கேள்வி வரிசையும் முக்கியம். தண்ணி லாரி வந்ததா, குடத்துக்கு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் “வாழ்க்கை எப்படிப் போகுது?” என்று கேட்டால், வாழ்க்கை முழுக்கத் தண்ணி லாரியாக இருக்கும்.

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 6, காலை 10.00

அம்மா சொன்னதற்குப் பிரபலமான சோதனை ஒன்று உண்டு. ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ், 1988. மாணவர்களிடம் வாழ்க்கையில் எவ்வளவு மகிழ்ச்சி என்று முதலில் கேட்டு, பிறகு எத்தனை முறை டேட்டிங் போனாய் என்று கேட்டால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு -0.12, அதாவது ஒன்றுமில்லை. வரிசையை மாற்றினால் 0.66. ஆனால் பிறகு வந்த ஆய்வுகளில் வரிசையின் பாதிப்பு இந்த அளவுக்குப் பெரிதாக வரவில்லை. அதனால் 0.66-ஐ எடுத்துக்கொண்டு ஊர் சுற்றாதே. தண்ணி லாரியைக் கடைசியில் வை, போதும்.

நெய்தல்நிலா | ஜூலை 19, இரவு 9.50

இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும்.

அந்த மூன்று பேரையும் பார்த்தேன். ஒருவர் மே மாதத்தில் சொன்னது உண்மை, இப்போது பரவாயில்லை என்றார். ஒருவர் “அது எங்க ஓர்ப்படியைப் பத்தி நெனச்சுச் சொன்னேன், என்னைப் பத்தி இல்ல” என்றார். மூன்றாமவரோடு கவுன்சலர் அக்காவும் நானும் ஸ்டான்லிக்குப் போனோம். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு மஞ்சப் பையோடு ஆறு பேரிடம் போனேன். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகு, “நான் இதுல என்ன கேக்கறேன்னு நெனச்சீங்க?” என்று கேட்டேன். இரண்டாவது ஆளிலேயே முகம் சிவந்துவிட்டது. ‘கவனம் செலுத்த முடியாமல் இருப்பது, உதாரணமாக நாளிதழ் படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ’ என்ற கேள்விக்கு ஒருவர் 0 சொன்னார். ஏன் 0 என்றால், “டிவி பாத்தா தூங்கிடுவேன், நல்லாத்தானே இருக்கு?” சில்லறை எண்ணும்போது தவறுகிறதா என்று மாற்றிக் கேட்டேன். “அதை ஏன் கேக்கற, போன வாரம் ஐநூறு ரூபா நோட்டை அம்பதுன்னு கொடுத்துட்டேன்” என்றார். அவரே சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். நான் மூன்று நொடி சும்மா இருந்தேன், படிவக்காரி அம்மா. கஷ்டமாக இருந்தது. அப்புறம் அவர் அரை மணி நேரம் பேசினார்.

தூக்கத்தையும் மாற்றினேன். “வேலைக்கு முழிக்கிறதை விடுங்க. வெள்ளிக்கிழமை மாதிரி ஏலத்துக்குப் போவாத நாள்ல படுத்தா தூக்கம் வருதா?” நாலு பேர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கு அன்றைக்கும் வரவில்லை. அந்த இரண்டு பேர்தான் மற்ற கேள்விகளிலும் தனியாகத் தெரிகிறார்கள்.

பேசியதை எழுத்தாக்குவதில்தான் உயிர் போகிறது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. பேச்சை அப்படியே எழுதலாமா, எழுத்துத் தமிழுக்கு மாற்றலாமா? ‘பேஜாரா இருக்கு’ என்பதை நான் ‘மனச்சோர்வாக உள்ளது’ என்று மாற்றி எழுதியதும் கைடுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அது பொய் மாதிரி இருக்கிறது.

வியாசை கவுன்சலர் | ஜூலை 19, இரவு 10.10

மாற்றாதே. ‘பேஜார்’ என்றே எழுது. அவர் மனச்சோர்வு என்று சொல்லவில்லை, நீ சொல்கிறாய். அது உன் விளக்கமாக அடுத்த பத்தியில் வரட்டும்.

ஆல்ஃபா பீட்டா | ஜூலை 19, இரவு 10.40

பழைய 42-ஐத் தூக்கிப் போடாதே, மறைக்கவும் வேண்டாம். தடைக்காலத்தில் எடுத்தது, வாய்விட்டு வாசித்தது, ‘பாதி நாள்’ குழப்பம் இருந்தது என்று எழுதி, கேள்வி வாரியாகப் போடு. மொத்தத்தை மட்டும் தலைப்பில் ஏற்றாதே. ஆறு பேரின் நேர்காணலை அதற்குப் பக்கத்தில் வை. முடிந்தால் பன்னிரண்டு பேர் வரை போ. புதிதாக ஒன்றும் வராமல் கேட்டதே திரும்ப வரும்போது நிறுத்து. கைடு மறுத்தால் என்னிடம் சொல், உன்னோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்.

காசிமேட்டுக்காரன் | ஜூலை 20, காலை 5.40

நிலா, எல்லாம் முடிந்ததும் அவர்களிடம் போய் என்ன தெரிந்தது என்று சொல்வதாக இருந்தால் என் அம்மாவையும் சேர்த்துக்கொள். அவரிடம் பேசிவிட்டேன். நடுவில் போடச் சொல்ல மாட்டேன் என்றார், ஆனால் நேரம் அவர்தான் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துவிடாதே, கூட்டத்தில் உன்னைக் கவனிக்க ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை வா. அன்றைக்குத்தான் பாதி ஊர் மீன் சாப்பிடாது, வியாபாரம் டல்லடிக்கும். புளியங்கொட்டை கொண்டுவர வேண்டாமாம், வீட்டில் நிறைய இருக்கிறதாம்.